கர்னல் நிக்கல்சனும் ஆணி பிடுங்கும் நானும்

(டிஸ்கி: கீழே வரும் படங்களின் கதையை, முடிவு உட்பட, போட்டு உடைச்சிருக்கேன். அறுபது வருஷத்துக்கு மேல ஆன படத்துக்கு இதெல்லாம் தேவையான்னு கேக்கறவங்க தைரியமா உள்ளே வரலாம். மத்தவங்க படத்தைப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்.)

எங்க அப்பாவைப் பொறுத்தவரைக்கும் இங்கிலீஷ் படம்னா ரெண்டே வகைதான். ஒண்ணு மெக்கன்னாஸ் கோல்டு, இன்னொண்ணு சண்டைப் படம். 'கன்ஸ் ஆஃப் நவரோன்' (1961), 'தி கிரேட் எஸ்கேப்' (1963), 'வேர் ஈகிள்ஸ் டேர்' (1968) மூணையும் காலேஜ் படிக்கறப்போ மறு ரிலீஸ்ல எத்தனை தடவை பார்த்தார்னு அவருக்கே கணக்கு கிடையாது. கரண்ட் போன ராத்திரியில மொட்டை மாடியில உக்காந்துக்கிட்டு, கேபிள் கார் கூரை மேல ரிச்சர்ட் பர்ட்டன் போடற சண்டையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். பின்னாடி படத்தைப் பார்த்தப்போ எனக்கு ஏமாற்றமா இருந்தது. அப்பா சொன்ன கேபிள் கார் இதைவிட உயரத்துல போச்சு.

அந்தப் படங்களைக் குறை சொல்லலைங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்க அதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஆனா நவரோன்னு ஒரு தீவே உலகத்துல இல்லை. 'கிரேட் எஸ்கேப்' நிஜமா நடந்த கதை. 1944 மார்ச்சில் 76 பேர் சுரங்கம் வழியா வெளியே வந்தாங்க, அதுல 3 பேர்தான் முழுசாத் தப்பிச்சாங்க, பிடிபட்டவங்கள்ல 50 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த 76-ல ஒரு அமெரிக்கர் கூட கிடையாது. ஸ்டீவ் மெக்வீன் பைக்ல வேலி தாண்டறது சுத்தமான சினிமா. (அந்தத் தாவலைத் தாவினதும் அவர் இல்லை, பட் எக்கின்ஸ்ங்கற ஸ்டண்ட் ஆசாமி. அப்பாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பேசலை.)

நான் சொல்ல வந்தது வேற. கிட்டத்தட்ட அதே காலத்துல, முக்கியமா 1956லேர்ந்து 1959 வரைக்கும், இன்னொரு மாதிரி போர்ப்படங்கள் வந்திருக்கு. அதுல சண்டை கம்மி. எதிரிப் படையில ஒரு ஆளைக்கூடக் காட்டாத படமும் உண்டு. சிப்பாய்க்கு வர்ற ஆபத்து எதிர்ப் பக்கத்துலேர்ந்து வர்றதைவிட, சொந்தப் பக்கத்து மேலிடத்துலேர்ந்தும், சில சமயம் அவனோட சொந்த வேலைச் சுத்தத்துலேர்ந்துமே வருது. என்னை மாதிரி பொட்டி தட்டுற ஜாதி அவசியம் பார்க்க வேண்டியது இந்த வகையைத்தான்.

முதல்ல 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957). டேவிட் லீன் எடுத்தது. 7 ஆஸ்கர். விசில் பாட்டுக்காகவே பாதிப் பேருக்குத் தெரிஞ்ச படம்.

ஜப்பான்காரங்ககிட்ட போர்க்கைதியா மாட்டின பிரிட்டிஷ் படைப்பிரிவு. அதோட கர்னல் நிக்கல்சன், அலெக் கின்னஸ். க்வாய் நதி மேல ரயில் பாலம் கட்டித் தரணும்னு முகாம் தலைவர் கர்னல் சைட்டோ சொல்றார். அதிகாரிகள் உடலுழைப்பு செய்யணும்கறது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம்னு நிக்கல்சன் மறுக்கிறார். வெயில்ல காயற தகரப் பெட்டிக்குள்ள அடைச்சு வைக்கிறாங்க, அசைய மாட்டேங்கிறார். கடைசில ஜெயிக்கவும் செய்யறார். இது வரைக்கும் சாதாரண ஹீரோ கதை.

படம் ஆரம்பிக்கறதே அதுக்கப்புறம்தான். வெளில வந்து பார்த்தா, தன் ஆளுங்க வேணும்னே வேலையைக் கெடுத்துக்கிட்டு இருக்காங்க. எதிரிக்குக் கட்டற பாலம், எப்படிக் கட்டினா என்னன்னு. நிக்கல்சனுக்கு அது பொறுக்கலை. ஒழுங்கு போச்சுன்னா ஆளுங்க அடிமை ஆயிடுவாங்கன்னு நினைக்கிறார். இன்ஜினியரிங் தெரிஞ்ச அதிகாரிகளைக் கூப்பிட்டு ஆராயச் சொல்றார். பாலம் கட்டற இடமே தப்பு, அடியில சேறுன்னு கண்டுபிடிக்கிறாங்க. புது இடம், புது டிசைன், புது வேலைப் பங்கீடு. ஜப்பான்காரங்க முன்னாடி மீட்டிங் போட்டு அதை அவரே விளக்கறார் பாருங்க, அந்தக் காட்சியைப் பார்த்தப்போ எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா அந்த மீட்டிங்ல நான் இருந்திருக்கேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு சப்போர்ட் ப்ராஜெக்ட். க்ளையண்ட்டோட இன்வாய்ஸ்களை ராத்திரி ஷிஃப்ட்ல ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்க்க 14 பேர் கொண்ட டீம். எக்ஸெல் ஷீட்டு, கண் எரிச்சல், ரெண்டு மணிக்கு ஒரு டீ. இதைத் தானா செய்யற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னாங்க. சொன்னது ஒப்புக்கு. யாரும் பெரிசா எதிர்பார்க்கலை. நான்தான் நாலு மாசம் அதுக்குள்ள இறங்கிட்டேன். எங்கெல்லாம் கணக்கு இடிக்கும், எந்த ஊர் டீலர் தேதியை மாத்திப் போடுவான்னு அந்த டீம்ல இருந்த ஒரு அண்ணன் ஒரு நீள நோட்டுல எழுதி வச்சிருந்தார். பக்கம் பக்கமா எனக்கு விளக்கினார். அத்தனையையும் கோடுல கொண்டு வந்தேன். டெஸ்ட் கேஸ் எழுதினேன், லாக் எழுதினேன், ஃபைலோட தலையில என் பேரையும் தேதியையும் போட்டேன். ப்ரொடக்ஷன்ல போட்ட முதல் ராத்திரி ஒரு எர்ரர் வரலை. டேமேஜர் எல்லாரையும் காப்பி போட்டு மெயில் அனுப்பினார். கிஃப்ட் வவுச்சர் கூட வந்துச்சு.

அடுத்த மூணு மாசத்துல அந்த 14 நாற்காலியும் காலி. அந்த அண்ணன் கிளம்பற அன்னைக்கு என் இடத்துக்கு வந்து, "நல்லா ஓடுதா தம்பி?"ன்னு கேட்டார். கிண்டலாக் கேக்கலை. நிஜமாத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். "ஓடுதுண்ணே"ன்னேன்.

அது போரும் கிடையாது, யாரும் எதிரியும் கிடையாது, நான் எழுதலைன்னா இன்னொருத்தன் எழுதியிருப்பான். எல்லாம் தெரியும். இருந்தாலும் படத்துல நிக்கல்சன், பாலத்தைக் கட்டியது பிரிட்டிஷ் வீரர்கள்னு பலகை எழுதி மாட்டறப்போ எனக்கு ஞாபகம் வந்தது என் ஃபைல் தலையில இருக்கற அந்த மூணு வரிதான்.

படத்துல ஒரு டாக்டர் வர்றார், கிளிப்டன். நாம செய்யறது எதிரிக்கு உதவின்னு ஆகாதான்னு அவர் ஒருத்தர்தான் கேக்கறார். நிக்கல்சன் திருப்பிக் கேக்கறார்: சைட்டோவுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா நீ நல்லாப் பண்ணுவியா, சாக விடுவியா? டாக்டர்கிட்ட பதில் இல்லை. எனக்கும் இன்னைய தேதி வரைக்கும் கிடைக்கலை. படத்தோட பலமே இந்த இடம்தான். நிக்கல்சன் துரோகி இல்லை, முட்டாளும் இல்லை. ரொம்ப நல்ல வேலைக்காரர். கடைசில ஆத்துல தண்ணி இறங்கி வெடிகுண்டு ஒயர் வெளில தெரியும்போது, அதை முதல்ல கண்டுபிடிக்கறதும் அவர்தான். தன் நாட்டு ஆள் வச்ச குண்டுலேர்ந்து எதிரியோட பாலத்தைக் காப்பாத்த ஓடறார். என்ன செஞ்சோம்னு அவருக்கு உறைக்கிறப்போ படம் முடியப் போகுது.

படத்தைச் சுத்தி நடந்த கூத்தும் சுவாரஸ்யம்தான். திரைக்கதை எழுதின கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட்னு ஹாலிவுட் ஒதுக்கி வச்சிருந்த ஆளுங்க. அதனால பேர் போடலை. ஆஸ்கர் போனது மூல நாவலை எழுதின ஃப்ரெஞ்சுக்காரர் பியர் பூலுக்கு. இங்கிலீஷ்ல எழுதவே வராதவர்! உண்மையா எழுதினவங்களுக்கு 1984-லதான் அங்கீகாரம் கொடுத்தாங்க. நாவல்ல பாலம் இடியறதே இல்லைங்கறது இன்னொரு விஷயம். படம் பிடிச்சது இலங்கையில, கித்துல்கலங்கற இடத்துல, களனி ஆத்து மேல. நிஜப் பாலம், நிஜ ரயில், நிஜ வெடி. தாய்லாந்துல இருக்கற அசல் பாலம் மே க்ளோங் ஆத்து மேல இருந்தது. படம் பார்த்துட்டு வர்ற டூரிஸ்ட் எல்லாம் "க்வாய் எங்கே, க்வாய் எங்கே"ன்னு கேட்டதுல, 1960-ல ஆத்தோட பேரையே மாத்திட்டாங்க. பக் ரிப்போர்ட் வந்தா கோடை விட்டுட்டு டாக்குமெண்ட்டை மாத்தறதுல நாம மட்டும் கில்லாடி இல்லை :-)

இப்போ இந்தப் படத்து மேல எனக்கு இருக்கற கோபத்தைச் சொல்லணும்.

ஆறு மாசம் கோலாலம்பூர்ல ஆன்சைட் இருந்தேன். டீம்ல ஒரு மலேசியத் தமிழ் நண்பர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில உக்காந்து இந்தப் படத்தைப் பத்தி அளந்துக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் மெதுவா, "எங்க தாத்தாவோட அப்பா அந்த லயன்லதான் செத்தாரு"ன்னார். சயாம் மரண ரயில். அங்க பல வீடுகள்ல அதுக்கு அதுதான் பேர்.

415 கிலோமீட்டர் பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஆனால் அதைவிடப் பல மடங்கு, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், ஆசியத் தொழிலாளிகள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போனார்கள். ஆள் வராதபோது பிடித்து ஏற்றினார்கள். காலராவும் பட்டினியும் கொன்ற இவர்களின் கணக்கை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. 90,000 வரை இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. காஞ்சனபுரி போர்க்கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகளுக்குக் கல் நட்டு, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். நண்பரின் கொள்ளுத்தாத்தா எந்த மரத்தடியில் கிடக்கிறார் என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது.

படத்தின் கதையில் இவங்களுக்கு இடமே இல்லை. பிரிட்டிஷ் கர்னலோட கௌரவம், ஜப்பான் கர்னலோட கௌரவம், நடுவுல ஒரு அமெரிக்கன். நிஜமா தமர்கான் முகாம்ல இருந்த கர்னல் ஃபிலிப் டூஸியோட ஆளுங்களும் படத்து மேல கடுப்பாத்தான் இருந்தாங்க. டூஸி வேலையை முடிஞ்ச வரைக்கும் இழுத்தடிச்சவர். மரத்தை அரிக்கட்டும்னு கரையானைப் பிடிச்சுக் கொண்டு வந்து விட்டாங்களாம். வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது கோபப்பட்டுப் பேச ஆள் இருந்தது.

அப்புறம் ஏண்டா இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்றேன்னு கேப்பீங்க. நண்பர்கிட்ட நானும் அதையேதான் கேட்டேன், படத்தை வெறுக்கறீங்களான்னு. "அஞ்சு தடவ பாத்திருக்கேன். அந்த ரயில் விழறப்ப மட்டும் நல்லா இருக்கும்"னார். நானும் இந்தப் படத்தைச் சரித்திரம்னு சிபாரிசு பண்ணலை. நல்ல வேலைக்காரனைப் பத்தின படம்னுதான் பண்றேன். சரித்திரம் வேணும்னா சயாம் ரயிலைப் பத்தி மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நாவல்களே எழுதியிருக்காங்க, தேடிப் படிங்க.

ரெண்டாவது படம் 'பாத்ஸ் ஆஃப் க்ளோரி'. இதுவும் 1957 தான். ஸ்டான்லி கூப்ரிக்குக்கு அப்போ 29 வயசு கூட ஆகலை. (எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. நான் போன வாரம் முழுக்க ஒரு பட்டனோட கலரை மாத்திக்கிட்டு இருந்தேன். விடுங்க.)

முதல் உலகப் போர், ஃப்ரெஞ்சுப் படை. 'எறும்புக் குன்று'ன்னு ஒரு ஜெர்மன் நிலையைப் பிடிக்கணும்னு மேல ஒரு ஜெனரல் வந்து கேக்கறார். கீழ இருக்கற ஜெனரல், அது நடக்காத காரியம்னு சொல்றார். பதவி உயர்வு பத்திப் பேச்சு வருது. ரெண்டே நிமிஷத்துல நடக்காத காரியம் நடக்கற காரியமாயிடுது. எஸ்டிமேட் மீட்டிங்ல உக்காந்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. அப்புறம் கர்னல் டாக்ஸுக்கு (கிர்க் டக்ளஸ்) கணக்குச் சொல்றார். நம்ம பீரங்கியாலயே 5 சதவீதம் போகும், நடுவுல 10, முள்வேலியில 20, குன்றைப் பிடிக்கறதுல இன்னொரு 25. மீதி ஆளு போதும்! செத்துப் போகப் போற பயலுக பல் விளக்கிக்கிட்டு இருக்கற நேரத்துல இந்தக் கணக்கு நடக்குது.

தாக்குதல் தோத்துப் போகுது. பாதிப் பேர் பள்ளத்தை விட்டே வெளில வர முடியலை. அவங்க மேலயே பீரங்கியால சுடுன்னு ஜெனரல் ஃபோன்ல உத்தரவு போடறார். பீரங்கி கேப்டன், எழுத்து மூலமா கையெழுத்தோட கொடுங்க, அப்புறம் சுடறேன்னு சொல்லிடறார். படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஹீரோ இவர்தான். ரெண்டு நிமிஷம் கூட வர மாட்டார். 'மெயில்ல போடுங்க சார்'ங்கற ஒரே ஆயுதத்தை வச்சு நூத்துக்கணக்கான உயிரைக் காப்பாத்தினவர்.

தோல்விக்கு யாராவது பொறுப்பேத்துக்கணுமே. மூணு பேரைக் கோழைகள்னு சுடத் தீர்மானிக்கிறாங்க. ஒருத்தன் சீட்டுக் குலுக்கலில் வந்தவன். ஒருத்தன் யாருக்கும் பிடிக்காதவன். இன்னொருத்தன் தன் அதிகாரி செஞ்ச தப்பைக் கண்ணால பார்த்துட்டவன். ஒருத்தனுக்கு முந்தின ராத்திரி மண்டை உடைஞ்சு நினைவு இல்லை. ஸ்ட்ரெச்சரோட தூக்கிட்டு வந்து கம்பத்துல கட்டி, கன்னத்தைக் கிள்ளி முழிக்க வச்சு சுடறாங்க. கதைன்னு நினைச்சுடாதீங்க. 1915 மார்ச்சில் சுவான் என்ற இடத்தில் நான்கு கார்ப்பரல்களை ஃப்ரெஞ்சு ராணுவம் இப்படித்தான் சுட்டது. 1934-ல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் ஹம்ஃப்ரி காப் நாவலாக எழுதினார், அதுதான் இந்தப் படம். ஃப்ரான்ஸில் 1975 வரைக்கும் படம் திரைக்கு வரவில்லை.

இதுலதான் போர்க்களத்துல ஒரு ஜெர்மன் முகம்கூடக் கிடையாது. கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒரே ஒரு ஜெர்மன் முகம் வருது. பிடிபட்ட ஒரு பொண்ணு. குடிச்சிட்டு ஊளையிடற சிப்பாய்ங்க முன்னாடி அவளைப் பாடச் சொல்றாங்க. அவ பாடப் பாட கூச்சல் அடங்கி, ஒவ்வொருத்தனா கூடவே முணுமுணுக்க ஆரம்பிக்கறான். (அந்தப் பொண்ணைத்தான் கூப்ரிக் பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டார்.) பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்போ இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேபிள் கார் எங்கேன்னு கேப்பார்னு நினைச்சேன். படம் முடிஞ்சதும் எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்து, "அந்த ஸ்ட்ரெச்சர் பய பேர் என்ன?"ன்னார். ஆர்னோன்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் படுக்கப் போயிட்டார்.

மூணாவது, ரஷ்யாக்காரங்க எடுத்த 'பாலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959). இயக்குநர் கிரிகோரி சுக்ராய், அவரே ரெண்டாம் உலகப் போர்ல அடிபட்டவர். அல்யோஷான்னு 19 வயசுப் பையன், சிக்னல் பிரிவு. பயத்துல ஓடறவன் கையில கிடைச்ச ஆயுதத்தால ரெண்டு டாங்க்கைக் காலி பண்ணிடறான். ஜெனரல் மெடல் தரேங்கிறார். மெடல் வேணாம், அம்மாவைப் பார்த்துட்டு ஒழுகற கூரையை மாத்திட்டு வரேன், லீவு குடுங்கன்னு கேக்கறான். ஆறு நாள் கிடைக்குது. போக, வர, கூரை போட.

அவ்வளவுதான் கதை. வழியில ஒரு காலை இழந்த சிப்பாய்க்குப் பெட்டி தூக்கறான். யாரோ ஒரு படைப்பிரிவு, தங்ககிட்ட இருக்கற மொத்த சோப்பையும், ரெண்டே ரெண்டு கட்டி, ஒருத்தன் பொண்டாட்டிக்குக் குடுக்கச் சொல்லி அனுப்புது. போய்ப் பார்த்தா அவ வேற ஒருத்தன்கூட இருக்கா. பாதிப் படி இறங்கினவன் திரும்ப ஏறிப்போய் சோப்பை வாங்கிக்கிட்டு வந்து, அந்த சிப்பாயோட வயசான அப்பாகிட்ட சேர்க்கறான். இப்படியே நாள் கரைஞ்சு, அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கற நேரம்தான் மிஞ்சுது. கூரை அப்படியே இருக்கு. அவன் திரும்பி வரலைங்கறதைப் படத்தோட ஆரம்பத்துலயே சொல்லிடறாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டே பார்க்கணும். மூணுல அழ வைக்கறது இதுதான். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும், 'பாத்ஸ் ஆஃப் க்ளோரி'யும் அப்படித்தான். க்வாய்க்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க.

க்வாய் பார்த்து முடிச்ச சூட்டோட கான் இச்சிகாவாவோட 'தி பர்மீஸ் ஹார்ப்'பையும் (1956) பார்த்துடுங்க. அதே பர்மா, இந்தப் பக்கம் ஜப்பான் சிப்பாய். போர் முடிஞ்சாச்சு. எல்லாரும் ஊருக்குக் கிளம்பறாங்க. மிசுஷிமாங்கற ஒருத்தன் மட்டும், வழியெல்லாம் அழுகிக் கிடக்கற பிணங்களைப் பார்த்துட்டு, பிக்ஷுவா மாறி அதுங்களைப் புதைக்க அங்கேயே தங்கிடறான். அவனைத் திரும்பக் கூப்பிட நண்பர்கள் ஒரு கிளிக்குப் பேசக் கத்துக் குடுத்து அனுப்பற காட்சிக்காகவே பார்க்கலாம். கொஞ்சம் உபதேசம் தூக்கல், அங்கங்க தூக்கமும் வரும். ஆனா க்வாய் படத்துல யாருமே திரும்பிப் பார்க்காத பிணங்களை இதுல ஒருத்தனாவது குனிஞ்சு எடுக்கறான்.

அடுத்து லிஸ்ட்ல இருக்கறது கோபயாஷியோட 'தி ஹ்யூமன் கண்டிஷன்' (1959-61). மூணு பாகம், சேர்த்து ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல. வர்ற சனிக்கிழமை உக்காரலாம்னு இருக்கேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை.